கனடாவின் வடகோடி ஊர்களில் தண்ணீரைச் சோதிப்பது யார்?

கனடாவின் நுனாவுட் பிரதேசத்தில் அரசு நிலம், நீர், கனிமம் ஆகியவற்றின் நிர்வாகத்தை ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசு பிரதேச அரசிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2024 ஜனவரி 18 அன்று இக்காலுயிட் நகரில் கையெழுத்தானது. கைமாறுவதற்கு 2027 ஏப்ரல் 1 என்று நாள் குறித்தார்கள். இந்தச் செய்தி வந்தாலே பேச்செல்லாம் தங்கம், இரும்புத்தாது, ராயல்டி பற்றித்தான். ஆனால் அதே ஒப்பந்தத்தில் அன்றாட வாழ்வைத் தொடும் வேறொரு பொறுப்பும் கைமாறுகிறது. அதுதான் நீர் ஆய்வாளரின் வேலை.

இந்த ஆய்வாளர் யார்? குடிநீரைச் சுத்திகரிப்பவரா, சுரங்கத்துக்கு அனுமதி கொடுப்பவரா, நோய் வந்தால் வந்து பார்ப்பவரா? மூன்றும் இல்லை. செய்திகளில் இந்த வேலைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வருவதால் குழப்பம் இயல்பு. அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

நிலமும் தண்ணீரும்

நுனாவுட்டின் பரப்பு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் 25 ஊர்கள், சுமார் 40,000 மக்கள், பெரும்பான்மையோர் அந்த மண்ணின் பூர்வகுடிகளான இனுயிட்டுகள். ஊருக்கும் ஊருக்கும் சாலை கிடையாது. ஆண்டு முழுவதும் விமானம்தான். கடல் பனி விலகும் சில மாதங்களில் கப்பல் வரும்.

அடிநிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடப்பதால் வழக்கமான முறையில் குழாய் பதிக்க முடியாது. வெப்பக் காப்புச் சுற்றிய குழாய்கள் இக்காலுயிட், ரேங்கின் இன்லெட் போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் உண்டு. மற்ற இடங்களில் எல்லாம் தண்ணீர் லாரிதான். வீட்டுக்கு இரண்டு தொட்டி, ஒன்று நல்ல தண்ணீருக்கு, இன்னொன்று கழிவுநீருக்கு. பல வீடுகளில் கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் நல்ல தண்ணீர் பம்பும் தானாகவே நின்றுவிடும். பனிப்புயலில் லாரி இரண்டு நாள் வராவிட்டால், தொட்டியில் தண்ணீர் இருந்தும் குழாயில் வராது.

க்ரீஸ் ஃபியோர்ட் போன்ற ஊர்களில் நிலைமை இன்னும் இறுக்கமானது. கோடையில் சில வாரங்களே ஓடும் உருகுநீரைப் பெரிய தொட்டிகளில் நிரப்பி, அதை வைத்துத்தான் ஆண்டை ஓட்ட வேண்டும்.

சரி, கழிவுநீர் எங்கே போகிறது? லாரி அதை ஊருக்கு வெளியே ஒரு குட்டையில் கொட்டுகிறது. ஆண்டின் பெரும்பகுதி அது பனிக்கட்டியாகக் கிடக்கும். கோடை முடிவில், குளிர்காலம் திரும்புவதற்கு முன், தெளிந்த நீரைச் சதுப்பு நிலத்தின் வழியாகக் கடலுக்கோ ஏரிக்கோ திறந்துவிடுவார்கள். 2012-இல் கனடா முழுமைக்கும் கொண்டுவந்த கழிவுநீர் விதிகள் நுனாவுட்டுக்கும் அதன் மேற்கே இருக்கும் வடமேற்குப் பிரதேசங்களுக்கும் பொருந்தவில்லை. இந்தக் குளிரில் அந்த வரம்புகளை எட்டுவது எப்படி என்பதற்கு அப்போது விடை கிடைக்காததால் விலக்கு கொடுத்தார்கள். அதனால் ஊரின் கழிவுநீருக்கு என்ன வரம்பு என்று கேட்டால், அந்த ஊரின் நீர் உரிமத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நான்கு பொறுப்புகள், நான்கு கைகள்

நுனாவுட்டை வைத்துச் சொன்னால், தண்ணீரைச் சுற்றி நான்கு தரப்புகள் இருக்கின்றன.

1. நீர் வாரியம். 1993-இல் இனுயிட்டுகளுக்கும் கனடாவுக்கும் ஏற்பட்ட நுனாவுட் உடன்படிக்கையில் பிறந்தது. அலுவலகம் ஜோவா ஹேவன் என்ற சிற்றூரில். எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், எந்தக் கழிவை எங்கே எந்த அளவில் விடலாம் என்று முடிவு செய்து உரிமம் கொடுப்பது இதன் வேலை. உறுப்பினர்களில் பாதிப் பேரை இனுயிட் அமைப்புகள் முன்மொழிகின்றன.

2. உரிமம் பெற்றவர். ஊராட்சியாக இருக்கலாம், சுரங்க நிறுவனமாக இருக்கலாம். உரிமத்தில் குறித்த இடங்களில் மாதிரி எடுத்து அறிக்கை கொடுப்பது இவர் கடமை. வாரியத்துக்கு வரும் எண்களில் பெரும்பாலானவை இவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுப்பவை.

3. ஆய்வாளர். இதுவரை மத்திய அரசின் ஊழியர். உரிமத்தில் எழுதியது தரையில் நடக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பவர். நியாயமான எந்த நேரத்திலும் உள்ளே நுழையலாம், மாதிரி எடுக்கலாம், ஆவணம் கேட்கலாம். மீறலோ ஆபத்தோ கண்டால் ‘இதை நிறுத்து, இதைச் சரிசெய்’ என்று எழுத்தில் உத்தரவு போடலாம். உரிமத்தின் ஒரு வரியைக்கூட மாற்ற அவரால் முடியாது. அது வாரியத்தின் உரிமை.

4. சுகாதார அலுவலர். பிரதேச சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர். குழாயில் வரும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்பது இவர் பொறுப்பு. ‘கொதிக்கவைத்துக் குடியுங்கள்’ என்ற அறிவிப்பு இவர் பக்கத்திலிருந்து வரும்.

மேற்கே வடமேற்குப் பிரதேசங்களில் இதே அமைப்புதான், பெயர்கள் வேறு. அங்கே கைமாற்றம் 2014 ஏப்ரல் 1-லேயே முடிந்துவிட்டது. ஆய்வாளர்கள் பிரதேச அரசின் ஊழியர்கள்.

வாரியம் எழுதுகிறது, ஆய்வாளர் பார்க்கிறார். இந்தப் பிரிவினை நல்லது என்றே நினைக்கிறேன். உரிமம் கொடுத்தவரே சோதிக்கவும் போனால், தன் முடிவு தவறு என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஆய்வாளர் போய்ச் சேராத இடத்தில் உரிமம் வெறும் காகிதம்தான். வடக்கில் போய்ச் சேருவதே பெரும்பாடு.

ஆய்வாளரின் ஓராண்டு

உறைபனிக் காலத்தில் வேலை பனிக்கட்டிக்கு மேல் நடக்கும். ஏரியின் மேல் நடக்கும்முன் துளையிட்டு, நீலமான திடமான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பனிப்பாதை போடவும் துரப்பண வேலைக்கும் நிறுவனங்கள் ஏரிகளிலிருந்து தண்ணீர் உறிஞ்சும். பனிக்கட்டிக்கு அடியில் மிஞ்சியிருக்கும் நீரில் 10 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது மத்திய மீன்வளத் துறை 2010-இல் வகுத்த நெறிமுறை. பனிமூடிய ஏரிக்கு எட்டு மாதம் புதிய ஆக்சிஜன் வராது. நீர் குறையக் குறைய மீன்களுக்கான மூச்சும் குறையும். ஆழமே அளக்காமல் பம்பு போட்டிருந்தால் ஆய்வாளர் அங்கேயே நிறுத்தச் சொல்வார்.

ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது என்று அளப்பது அடுத்த பாடு. கோடையில் நீர்மட்டத்தைப் பார்த்தே ஓட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். பனிக்கட்டி மூடியதும் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும், ஏனென்றால் பனிக்கட்டி ஓட்டத்தைத் தடுத்து மட்டத்தை உயர்த்திவிடும். அதனால் கனடா நீர் அளவைத் துறையின் தொழில்நுட்பர்கள் ஆற்றின் குறுக்கே இருபது துளைபோலப் போட்டு, ஒவ்வொன்றிலும் பனிக்கட்டியின் தடிமன், ஆழம், வேகம் மூன்றையும் அளக்கிறார்கள். ஆழத்தின் ஐந்தில் ஒரு பங்கில் ஒரு முறை, ஐந்தில் நான்கு பங்கில் ஒரு முறை வேகத்தைப் பார்த்துச் சராசரி எடுக்கிறார்கள். கருவியை வெளியே எடுத்தவுடன் அதில் ஒட்டிய நீர் உறைந்து சுழலும் பாகம் நின்றுவிடும். அடுத்த துளைக்குப் போவதற்குள் அதைச் சூடாக்க வேண்டும். இப்படி வந்த எண்ணை நம்பித்தான் உரிமத்தில் ‘நாளுக்கு இத்தனை கன மீட்டர்’ என்று எழுதுகிறார்கள்.

மே கடைசியிலும் ஜூனிலும் உருகுநீர் பெருகும். ஆண்டு முழுக்கச் சுரங்கக் கழிவுப் பாறைமேல் விழுந்த பனி ஒரே மூச்சில் கரைந்து ஓடும் காலம் இது. வெடிமருந்திலிருந்து வரும் அம்மோனியா, பாறையிலிருந்து வரும் உலோகங்கள், சேறு எல்லாம் அந்த ஓட்டத்தில்தான் வரும். ஒரு வாரம் தாமதித்துப் போனால் பார்க்க வேண்டியது பாய்ந்து போயிருக்கும்.

கோடை முடிவில் குட்டைகளைத் திறக்கும் காலம். திறப்பதற்குப் பத்து நாள் முன்பே ஆய்வாளருக்குச் சொல்ல வேண்டும் என்று பல நுனாவுட் உரிமங்களில் ஒரு வரி இருக்கும். எல்லா ஊர்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் திறக்கும் என்பதால், எந்த ஊருக்குப் போவது, எதை விடுவது என்று ஆய்வாளர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

மாதிரிப் பாட்டிலின் பயணம்

இந்த வேலையில் பெரிய சிக்கல் நீதிமன்றத்திலோ வாரியத்திலோ இல்லை, பாட்டிலில் இருக்கிறது.

ஒரே இடத்தில் எடுக்கும் நீரை ஐந்தாறு பாட்டில்களில் பிரித்து அடைக்க வேண்டும். உலோகங்களுக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ் சோதனைக்குக் கந்தக அமிலம். குளோரின் கலந்த குடிநீரில் பாக்டீரியா பார்க்கும் பாட்டிலில் குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட் முன்கூட்டியே இருக்கும். அது இல்லாவிட்டால், பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் குளோரின் வழியிலேயே கிருமிகளைக் கொன்று, கெட்ட தண்ணீருக்கு நல்ல சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடும். நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று மொள்ள வேண்டும். ஒரு நகல் மாதிரியும், சுத்த நீர் அடைத்த ஒரு வெற்று மாதிரியும் கூடவே போக வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சீட்டும் பாட்டிலோடு பயணிக்கும். அந்தச் சங்கிலி அறுந்தால் வழக்கில் அந்த மாதிரி நிற்காது.

அப்புறம் நேரம். பாக்டீரியா மாதிரியை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் சோதிப்பது நல்லது. தொலைதூர ஊர்களுக்குக் கொஞ்சம் தளர்வு கொடுத்தாலும் இரண்டு நாளைத் தாண்டினால் பயனில்லை. தெற்கில் பனிப்பெட்டி மாதிரியைக் குளிர்ச்சியாக வைக்க. வடக்கின் ஜனவரியில் அதே பெட்டி மாதிரியை உறையாமல் காப்பாற்ற. உறைந்தால் கண்ணாடிப் பாட்டில் விரிசல் விடும், கிருமிகளின் எண்ணிக்கையும் மாறிப்போகும். புயல் வந்து விமானம் நின்றால் எடுத்த மாதிரி அத்தனையும் வீண்.

இதனால்தான் பல ஊர்களில் பாக்டீரியா சோதனையை அங்கேயே செய்யப் பழகிவிட்டார்கள். ஒரு பொடியை நீரில் கலந்து, 35 டிகிரியில் ஒரு நாள் வைத்து, மஞ்சளாக மாறுகிறதா, புற ஊதா விளக்கில் ஒளிர்கிறதா என்று பார்ப்பது. எளிய முறை, நம்பகமானது. உலோகமோ எண்ணெயோ என்றால் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரான யெல்லோநைஃப்பிலுள்ள அரசு ஆய்வகத்துக்கோ தெற்கே உள்ள நகரங்களுக்கோதான் அனுப்ப வேண்டும்.

இக்காலுயிட், 2021: எண்ணெய் வாடை

இந்தத் தாமதம் மக்களுக்கு என்ன செய்யும் என்பதற்கு நுனாவுட்டின் தலைநகரே சாட்சி.

2021 அக்டோபர் தொடக்கத்தில் இக்காலுயிட் மக்கள் குழாய்த் தண்ணீரில் எரிபொருள் வாடை அடிக்கிறது என்று சமூக ஊடகங்களில் எழுதினார்கள். நகரம் ‘குடிக்க வேண்டாம்’ என்று அவசர நிலை அறிவித்தது அக்டோபர் 12 அன்று. சுமார் 8,000 பேர் வாழும் நகரம். தண்ணீர் பாட்டில்கள் விமானத்தில் வந்தன, பக்கத்து ஆற்றிலிருந்து லாரியில் நீர் வந்தது, ராணுவம் சுத்திகரிப்பு இயந்திரங்களோடு வந்தது. தடை நீங்கியது டிசம்பர் 10 அன்று. சுத்திகரிப்பு ஆலைக்கு அருகே 1962-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பழைய எரிபொருள் தொட்டி மண்ணுக்கடியில் புதைந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

இங்கே மூன்று வகை அறிவிப்புகளைப் பிரித்துப் புரிந்துகொள்வது நல்லது.

1. கொதிக்கவைத்துக் குடிக்கவும்: கிருமிச் சந்தேகம். கொதித்தால் தீரும்.

2. குடிக்க வேண்டாம்: ரசாயனச் சந்தேகம். கொதிக்கவைப்பதால் எண்ணெயோ ஆர்செனிக்கோ போகாது. குளிக்க, துவைக்கப் பயன்படுத்தலாம்.

3. பயன்படுத்தவே வேண்டாம்: தோலில் படுவதே ஆபத்து.

அன்றாடச் சோதனைகள் பாக்டீரியா, கலங்கல், குளோரின் ஆகியவற்றைத்தான் தேடும். எண்ணெய்க்குத் தனிச் சோதனை, தனிப் பாட்டில், தெற்கே ஓர் ஆய்வகம். தேடாததைச் சோதனை காட்டாது. ஆனால் மூக்கு காட்டியது. அக்டோபர் முதல் நாட்களில் மக்கள் சொன்னதையே முதல் ஆதாரமாக எடுத்திருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும் என்பது என் கருத்து. பின்னர் எண்ணெயை உடனுக்குடன் உணரும் கருவியை ஆலையில் பொருத்தினார்கள். 2022 ஜனவரியில் மறுபடி சிறிதளவு எண்ணெய் தென்பட்டபோது அந்தக் கருவியே காட்டிக்கொடுத்தது.

கடைமடையின் கவலை

ஊருக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் மேலிருந்து வரும் தண்ணீர் கெட்டிருந்தால்? அதபாஸ்கா ஆறு அல்பெர்ட்டா மாகாணத்தின் எண்ணெய் மணல் வயல்களைக் கடந்து வடக்கே ஓடி, ஸ்லேவ் ஆறாகி, வடமேற்குப் பிரதேசங்களுக்குள் நுழைந்து மெக்கென்சி ஆற்றில் சேர்கிறது. வடமேற்குப் பிரதேசங்கள் கடைமடை. மேல்மடையில் ஒரு நிகழ்வு நடந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று இரு அரசுகளும் 2015-இல் ஒப்பந்தம் போட்டன.

2022 மே மாதம் இம்பீரியல் ஆயில் நிறுவனத்தின் கேர்ல் சுரங்கத்தில் கழிவுக்குட்டை நீர் கசிவது தெரிந்தது. கீழே வாழும் பூர்வகுடி மக்களுக்கும் வடமேற்குப் பிரதேச அரசுக்கும் முழு விவரம் தெரிந்தது 2023 பிப்ரவரியில், அதுவும் வேறொரு குட்டையிலிருந்து 53 லட்சம் லிட்டர் வழிந்து, அல்பெர்ட்டாவின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்ட பிறகு. இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் மக்கள் அந்த நிலத்தில் வேட்டையாடி, மீன் பிடித்து உண்டார்கள். ஒப்பந்தம் இருந்தது, சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. கடைமடையில் இருக்கும் ஆய்வாளருக்கு மேல்மடையில் நுழைய அதிகாரம் கிடையாது.

யெல்லோநைஃப்பின் கடன்

ஆய்வும் உரிமமும் இல்லாத காலம் என்ன விட்டுப்போகும் என்பதற்கு ஜெயன்ட் தங்கச் சுரங்கம் ஒன்றே போதும். 1949 முதல் யெல்லோநைஃப் அருகே தாதுவை வறுத்துத் தங்கம் எடுத்தார்கள். புகையோடு ஆர்செனிக் தூள் வெளியேறிப் பனியில் படிந்தது. பக்கத்தில் வாழும் டெனே பூர்வகுடி மக்கள் பனியை உருக்கிக் குடிப்பவர்கள். 1951-இல் ஒரு டெனே குழந்தை ஆர்செனிக் நஞ்சால் இறந்தது. அதன் பிறகு தூளைப் பிடித்துச் சுரங்க அறைகளில் அடைத்தார்கள். இன்று நிலத்தடியில் 2,37,000 டன் இருக்கிறது, நீரில் கரையக்கூடியது. சுரங்க நிறுவனம் 1999-இல் திவாலானது. பாறையோடு சேர்த்துத் தூளை நிரந்தரமாக உறையவைப்பதுதான் திட்டம். செலவு மதிப்பீடு 438 கோடி டாலர், எல்லாம் மக்கள் வரிப்பணம்.

இன்றைய உரிமங்களில் பிணைத்தொகை கேட்பது இதனால்தான். சுரங்கம் நாளை ஓடிப்போனாலும் மூடிச் சுத்தம் செய்யும் அளவுக்குப் பணம் முன்பே அரசிடம் இருக்க வேண்டும். அந்தத் தொகை போதுமா என்பது ஆய்வாளரின் குறிப்புகளைப் பொறுத்தது. கழிவு மேடு திட்டத்தைவிடப் பெரிதாகிவிட்டது என்று அவர் பார்த்து எழுதினால்தான் வாரியம் தொகையை உயர்த்த முடியும்.

ஊரிலேயே இருக்கும் கண்கள்

லுட்சல் கே டெனே மக்கள் 2008 முதல் கிரேட் ஸ்லேவ் ஏரியின் கிழக்குக் கிளைப்பகுதியில் நிலத்தையும் நீரையும் கண்காணிக்கத் தங்கள் காவலர்களை வைத்திருக்கிறார்கள். 2012 முதல் வடமேற்குப் பிரதேசங்களின் பல ஊர்களில் உள்ளூர் மக்களே நீர் மாதிரி எடுக்கிறார்கள். கையால் மொண்டு எடுக்கும் மாதிரி ஒரு நொடியின் தண்ணீரைத்தான் காட்டும். அதனால் சுமார் ஒரு மாதம் நீருக்குள்ளேயே தொங்கவிடும் மெல்லிய படலங்களையும் பயன்படுத்துகிறார்கள். எண்ணெய்ச் சேர்மங்களையும் கரைந்த உலோகங்களையும் அவை சேர்த்துப் பிடித்து வைக்கும்.

ஆனாலும் ஒரு காவலர் கசிவைக் கண்டால் படம் எடுக்கலாம், மாதிரி எடுக்கலாம், தொலைபேசியில் சொல்லலாம். ‘நிறுத்து’ என்று உத்தரவு போட அவரால் முடியாது. சட்டத்தின் கண்ணில் அவர் ஆய்வாளர் அல்ல. உத்தரவு போடக்கூடியவர் விமானம் ஏறி வர வேண்டும்.

2027 கைமாற்றத்தில் நான் பார்க்க விரும்பும் மாற்றங்கள் மூன்று.

1. ஆய்வாளர் பதவிகள் தலைநகரிலேயே குவியாமல் கிட்டிக்மியட், கிவல்லிக், கிக்கிக்டாலுக் மூன்று வட்டாரங்களிலும் அமர வேண்டும். பத்து நாள் முன்னறிவிப்பு வந்தால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

2. உள்ளூர்க் காவலர்களில் தகுதியுள்ளவர்களுக்குச் சிறிய மீறல்களுக்கான உத்தரவு அதிகாரமாவது கொடுக்க வேண்டும். நுனாவுட் ஆர்க்டிக் கல்லூரியும் வடமேற்குப் பிரதேசங்களின் அரோரா கல்லூரியும் சுற்றுச்சூழல் தொழில்நுட்பப் பட்டயப் படிப்புகளை நடத்துகின்றன. மாதிரி எடுப்பது, பனிக்கட்டிப் பாதுகாப்பு, கரடி வந்தால் என்ன செய்வது எல்லாம் அறிந்த ஆட்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

3. ஆய்வு அறிக்கைகள் இனுயிட்டுகளின் இனுக்டிடுட் மொழியிலும் வர வேண்டும். வாரியத்தின் பொதுப் பதிவேட்டில் உரிமங்களும் அறிக்கைகளும் யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. தன் ஊர்க் குட்டையைப் பற்றி ஆய்வாளர் என்ன எழுதினார் என்று ஒரு மூதாட்டி தன் மொழியில் படிக்க முடிந்தால், அடுத்த முறை அவர் வரும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று அவளே சொல்வாள்.

கைமாறும் நாளில் பழைய உரிமங்கள் அப்படியே தொடரும், நீர் வாரியமும் தொடரும், ஏனென்றால் அது உடன்படிக்கையில் வேரூன்றியது. மாறுவது ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுக்கும் அரசு. பிரதேச அரசே பல ஊர்களின் நீர், கழிவுநீர் வசதிகளுக்குப் பணமும் தொழில்நுட்ப உதவியும் தருகிறது. இனி அதே அரசின் ஊழியர் அந்த வசதிகளைச் சோதிப்பார். ஆய்வாளரின் அலுவலகத்தை அந்தப் பணமும் உதவியும் தரும் துறையிலிருந்து பிரித்து வைப்பதற்கான ஏற்பாடு முதல் நாளிலிருந்தே எழுத்தில் இருக்க வேண்டும்.